கணக்கைக் காட்டட்டும்!

வீடியோ கேம் என்று பிள்ளைகள் வழங்கும் திரை விளையாட்டு புதிதாக ஒன்று வெளிவந்தால், அதன் விலை என்ன என்பதை நம்முள் பலர் அறியார். பிளேஸ்டேஷன் 5 என்னும் விளையாட்டுக் கருவி இந்தியாவுக்கு வந்த 2021-ஆம் ஆண்டில், அதற்காகச் சோனி நிறுவனம் தயாரித்த பெரிய ஆட்டங்களுக்கு வைத்த விலை 4,999 ரூபாய். முந்தைய கருவிக்கு வந்த அதே தரத்து ஆட்டங்களுக்கு 3,999 ரூபாய் வைத்திருந்தது. இது கருவியின் விலையன்று. ஒரே ஓர் ஆட்டத்தின் விலை.

இதைக் கூலிக் கணக்கால் அளந்து பார்ப்போம். ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கென அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அக்கூலி பெறுபவருக்கு 4,999 ரூபாய் என்பது ஏறத்தாழ 15 நாள் உழைப்பு. அத்தகைய ஆட்டம் அமெரிக்காவில் 70 டாலர். அந்நாட்டு மத்திய அரசு 2009-இல் வகுத்த குறைந்தபட்சக் கூலியோ மணிக்கு 7.25 டாலர். அங்கே அடிமட்டக் கூலி வாங்குபவனும் பத்து மணி நேரம் உழைத்தால் அதை வாங்கிவிடுவான். பொருள் ஒன்றே, அவனுக்கு ஒன்றேகால் நாள், நமக்கு அரை மாதம்!

“ஆமத்தூரில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையிலுள்ள இவ்வூரிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உலகின் எந்த மூலையில் எந்த ஆட்டம் வந்தாலும் அன்றே அவர்களுக்குச் செய்தி எட்டிவிடுகிறது. கேட்டதை வாங்கித் தர இயலாத தகப்பன் தன்னையே தாழ்வாக எண்ணிக்கொள்கிறான். தவணைக் கடனில் விழுந்து வாங்கித் தருபவனும் உண்டு. ‘ஆக்குவதற்கு அவ்வளவு செலவாகிறது, ஆகவே விலை அவ்வளவுதான்’ என்னும் பேச்சை இருவருமே நம்பிவிட்டார்கள். அந்தப் பேச்சு மெய்தானா என்று ஆராய்வதே நம் நோக்கம்.

முதல் பிரதியும் மறு பிரதியும்

வணிகர் தரப்பில் உண்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இன்றைய பெரிய ஆட்டம் ஒன்றை நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைத்து ஆக்குகிறார்கள். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ என்னும் 2020-ஆம் ஆண்டு ஆட்டத்துக்கு 22 கோடி டாலரும், ‘ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்’ என்னும் 2022-ஆம் ஆண்டு ஆட்டத்துக்கு 21 கோடியே 20 லட்சம் டாலரும் செலவாயின. இது நமக்கு எப்படித் தெரிந்தது? நிறுவனம் முன்வந்து சொன்னதன்று. 2023-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் வேறொரு நிறுவனத்தின் வழக்கில் சோனி தாக்கல் செய்த ஆவணத்தில் இவ்வெண்களைக் கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள். மறைப்புச் சரியாக அமையாமையால் உலகுக்குத் தெரிந்துபோயிற்று!

இந்தச் செலவின் இயல்பைச் சிவகாசி அச்சகங்களோடு பழகியவர்கள் எளிதில் உணர்வார்கள். காலண்டர் ஒன்றுக்குப் படம் வரைவதும், பிளேட் எடுப்பதும், வண்ணம் ஒத்துப் பார்ப்பதும் ஒரு முறை செய்யும் செலவு. அதன்பின் ஓடும் ஒவ்வொரு தாளுக்கும் காகிதமும் மையும் கூலியுமே செலவு. ஆயிரம் அடித்தால் ஒன்றின் அடக்க விலை ஏறும். லட்சம் அடித்தால் இறங்கும். வீடியோ விளையாட்டில் முதல் பிரதிக்கே கோடிகள் செலவாகின்றன. இணையம் வழி இறக்கிக்கொள்ளும் மறு பிரதிக்குக் காகிதமும் இல்லை, மையும் இல்லை.

அப்படியானால் ஒரு பிரதியின் அடக்க விலையை எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதே தீர்மானிக்கிறது. எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதையோ விலைதான் தீர்மானிக்கிறது. ஆகவே, செலவு மட்டுமே விலையைத் தீர்மானிக்கிறது என்பது கணக்குக்கே ஒவ்வாத பேச்சு. மேற்சொன்ன 2020-ஆம் ஆண்டு ஆட்டம் முதல் மூன்று நாளில் 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சோனியே அறிவித்தது. பிரதி 60 டாலர் என்றால் மொத்த விற்பனை 24 கோடி டாலர். கடைக்காரர் பங்கையும் விளம்பரச் செலவையும் அதில் கழிக்கவேண்டும் என்பது உண்மையே. ஆயினும் மூன்றே நாளில் வந்த தொகை இது!

எல்லா ஆட்டமும் இப்படி வெல்வதில்லை என்பதையும் நாம் மறைக்கவில்லை. அதே நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்ட ‘கான்கார்ட்’ இரண்டே வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது. வென்ற ஆட்டத்தை வாங்குபவன், தோற்ற ஆட்டத்தின் நட்டத்தையும் சேர்த்தே சுமக்கிறான். சுமக்கட்டும், ஆனால் சுமக்கிறான் என்பதை அவனிடம் சொல்லவேண்டாமா?

பத்துப் பத்தாக ஏறும் விலை

செலவைப் பின்பற்றி ஏறும் விலை ஒழுங்கற்று ஏறும். ஓராண்டு மூன்று டாலர் கூடும், மற்றோர் ஆண்டு ஒன்று குறையும். இவ்விலையோ அமெரிக்காவில் 50 டாலராக இருந்து 2005-ஐ ஒட்டி 60 ஆயிற்று. 2020-இல் 70 ஆயிற்று. 2025 ஜூனில் நின்டெண்டோவின் ‘மாரியோ கார்ட் வேர்ல்டு’ 80 டாலருக்கு வந்தது. பத்துப் பத்தாக ஏறும் செலவு எங்கேனும் உண்டா?

இன்னொன்றையும் கேளுங்கள். தம் புதிய ஆட்டங்கள் சில 80 டாலர் ஆகும் என்று மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதத்தில் அறிவித்தது. ஆக்கும் செலவு பெருகிவிட்டது என்ற காரணமே அப்போது பேசப்பட்டது. ‘தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2’ என்னும் ஆட்டத்துக்கு அவ்விலையே குறிக்கப்பட்டது. வாங்குவோர் முணுமுணுத்தனர். ஜூலை மாதம் முடிவதற்குள் அவ்விலை 70 டாலருக்கு இறங்கிவிட்டது! அந்த மூன்று மாதத்தில் குறைந்தது எது? செலவா? இல்லை, வாங்குவோரின் பொறுமைதான் குறைந்தது. விலை எதைப் பார்த்து வைக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பழைய நாளில் ஆட்டங்கள் சில்லுகள் பதித்த பெட்டிகளில் வந்தன. பெட்டி ஒவ்வொன்றும் செலவு மிக்கது. பின்னர்க் குறுந்தகடு வந்தது. செலவு வெகுவாகக் குறைந்தது. இப்போது தகடும் இல்லை, லாரியும் இல்லை. ஆயினும் இணையக் கடைக்காரர்கள் வழக்கமாக நூற்றுக்கு 30 பங்கு எடுத்துக்கொள்கிறார்கள்; 70 டாலரில் 21 டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள் நம் பெரியோர். இங்கே சுமையே இல்லை. கூலி மட்டும் நிற்கிறது.

மறுபுறம், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் பல ஆண்டுகள் உழைத்து ஆக்கிய ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ 2025 செப்டம்பரில் 20 டாலருக்கு வந்தது. உலகமே வரிசையில் நின்று வாங்கியது. குறைந்த விலைக்கு விற்றால் தொழில் அழியும் என்பார் இதற்கு என்ன சொல்வார்?

தீப்பெட்டி சொல்லும் பாடம்

நம் மண்ணின் பொருளொன்றை இதன் அருகில் வைத்துப் பார்ப்போம். தீப்பெட்டியின் விலை 2007-இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாய் ஆயிற்று. பின்னர்ப் பதினான்கு ஆண்டுகள் அசையவில்லை. 2021 டிசம்பர் முதல் நாளில்தான் இரண்டு ரூபாய் ஆயிற்று. அதுவும் நாணயத்தைப் பார்த்து வைத்த விலைதான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வேற்றுமையைக் கவனியுங்கள். விலையைக் கூட்டியபோது உற்பத்தியாளர்கள் கணக்கைப் பொதுவில் வைத்தார்கள். சிவப்புப் பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810 ஆயிற்று, மெழுகு 58 ரூபாயிலிருந்து 80 ஆயிற்று என்று பத்திரிகைகளுக்கு எண்ணிச் சொன்னார்கள். ஒரு ரூபாய் ஏற்றத்துக்கு ஊரறியக் கணக்குச் சொன்னவர்கள் அவர்கள். ஆயிரம் ரூபாய் ஏற்றியவர்களோ மை பூசி மறைக்கிறார்கள்.

பதினான்காம் நூற்றாண்டின் பேரறிஞர் இப்னு கல்தூன், நகரம் செழிக்கும்போது அன்றாடத் தேவைப் பொருள்கள் மலிவதையும், ஆடம்பரப் பொருள்கள் விலை ஏறுவதையும் தம் ‘முகத்திமா’வில் ஆராய்ந்திருக்கிறார். ஆடம்பரத்தின் விலையை ஏற்றுவது அதை விரும்புவோரின் ஆவலும் அவர்கள் கையிலுள்ள செல்வமுமே. வீடியோ விளையாட்டின் விலைக்கு ஆறு நூற்றாண்டுக்கு முன்பே எழுதிய விளக்கம் போல இது அமைந்திருக்கிறது. வெளிவந்த முதல் வாரத்தில் ஆவல் உச்சத்தில் இருக்கும், விலையும் உச்சம். ஆண்டு திரும்பினால் ஆவல் தணியும். அதே ஆட்டம் பாதி விலைக்கு வரும். ஆக்கிய செலவோ அன்றும் இன்றும் ஒன்றே.

இரண்டு கேள்விகள்

விலைக்கு அரசு வரம்பு கட்டவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. மதீனாவில் விலை ஏறியபோது விலை நிர்ணயம் செய்யுமாறு மக்கள் வேண்டியும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இசையவில்லை என்பது ஹதீஸ் கற்றோர் அறிந்ததே. நாம் கேட்பது வேறு.

வாணிபத்தை நம் ஃபிக்ஹு நூல்கள் வகைப்படுத்துகின்றன. அடக்க விலை இது, என் இலாபம் இது என்று சொல்லி விற்பது ‘முராபஹா’. அடக்கம் சொல்லாமல் பேரம் பேசி விற்பது ‘முசாவமா’. இரண்டும் கூடும். ஆனால் அடக்கத்தைக் காரணம் காட்டுபவன் அடக்கத்தை மெய்யாகச் சொல்லக் கடமைப்பட்டவன். பூம்புகார் வணிகர் மிகையாகக் கொள்ளாமலும் குறைத்துக் கொடாமலும் விற்றதைப் பட்டினப்பாலை பாடுகிறது. இலாபம் இவ்வளவு என்று சொல்லியே விற்றார்கள் என்று உரைகாரர் பொருள் கூறுவர். அரபு நூலும் தமிழ் நூலும் இங்கே கைகோத்து நிற்கின்றன. ஆகவே நம் முதல் கேள்வி: செலவு கூடியது என்றால் கணக்கு எங்கே? கணக்குக் காட்ட மனமில்லை என்றால், ‘எங்கள் விருப்பம் இவ்விலை’ என்று நேராகச் சொல்லட்டும். செலவு என்னும் முகமூடி எதற்கு?

இரண்டாவது கேள்வி இன்னும் கடியது. விற்பனையில் பொருளின் உடைமை வாங்கியவனுக்கு மாறும். பயனை மட்டும், குறித்த காலத்துக்குக் கொடுப்பது ‘இஜாரா’, அதாவது வாடகை. தகடாக வாங்கிய ஆட்டத்தை மற்றவருக்கு விற்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம். இறக்கிக்கொண்ட ஆட்டத்தை விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014-இல் விற்ற ‘தி க்ரூ’ என்னும் ஆட்டத்தின் சேவையை 2024 மார்ச் 31-இல் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இத்தகைய செயலைத் தடுக்கக் கோரி ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். கொடுப்பது உடைமையன்று, உரிமம்தான் என்பதை விற்கும்போதே சொல்லவேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றி, 2025 முதல் நடைமுறைப்படுத்தியது. விற்பனை விலை வாங்கிக்கொண்டு, காலம் குறிக்காத வாடகையைக் கொடுப்பது எந்த நாட்டு வாணிப நேர்மை?

“60 டாலர் என்பது 2005-இல் இருந்த மதிப்புக்கு இன்று 100 டாலரை நெருங்கும், ஆகவே விலை உண்மையில் குறைந்திருக்கிறது” என்று அவர்கள் வாதிடுவார்கள். பணவீக்கக் கணக்கு சரியே. ஆனால் இருபது ஆண்டில் வாங்குவோர் தொகை எத்தனை மடங்கு பெருகிற்று என்பதை ஏன் விட்டுவிடுகிறார்கள்? 2013-இல் வந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ மட்டும் 20 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. அச்சகக் கணக்கு அறிந்தவனை ஏமாற்ற முடியாது. ஏறிய விலை உழைப்பவனுக்குப் போகிறது என்றும் சொல்லமுடியாது. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேரை வேலையிலிருந்து நீக்கியதை உலகம் கண்டது.

நம் இளைஞர்களுக்கும் ஒரு சொல். விலை அநியாயம் என்பதற்காகத் திருட்டுப் பிரதியை நாடுவது நியாயமாகிவிடாது. அவன் கணக்கை மறைத்தான் என்பதால் நீ கன்னம் வைக்கலாகாது. ஆக்கியவனின் உழைப்பும் அதில் இருக்கிறது. உன் கையில் வேறோர் ஆயுதம் இருக்கிறது: காத்திருத்தல். முதல் வாரத்து ஆவலுக்கு வைத்த விலையை முதல் வாரத்து ஆவல் இல்லாதவன் கொடுக்கவேண்டியதில்லை. மூன்று மாதத்துக்குள் பத்து டாலரை இறக்க வைத்தது எந்த அரசின் ஆணையும் அன்று. வாங்காமல் நின்ற கைகளே.

பெற்றோர்க்கும் சொல்வோம்: 4,999 ரூபாயைக் கொடுக்க இயலாமை உங்கள் குறையன்று. அவ்விலை உங்கள் வருவாயைப் பார்த்து வைத்ததும் அன்று, ஆக்கிய செலவைப் பார்த்து வைத்ததும் அன்று. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் எடுத்துச் சொல்லுங்கள். கணக்குப் போட்டே காட்டுங்கள். விலையைக் கண்டு நாணவேண்டியவர் வாங்க இயலாதவர் அல்லர். கணக்கைக் காட்ட இயலாதவரே.