கண்ணீருக்கும் ஒரு கணக்குண்டு

2023 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆம் திகதி காலை தொடக்கம் மறுநாட் காலைவரை, பிறேசில் நாட்டின் சான்ரோஸ் நகரிலே, உதைபந்தாட்ட மைதானமொன்றின் நடுவில் ஒரு பிரேதப் பெட்டி வைக்கப்பட்டிருந்தது. இரண்டு இலட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் வரிசையில் நின்று அதனைக் கடந்து சென்றனர். நள்ளிரவிலும் அவ்வரிசை அறவில்லை. முதியவர்கள் அழுதனர்; அம்மனிதர் ஆடியதை ஒருபோதும் நேரிற் கண்டிராத இளைஞர்களும் அழுதனர். இறந்தவர் பெலே.

அக்காட்சியை விடுதியிலே தொலைக்காட்சியிற் பார்த்துக்கொண்டிருந்தபோது இரு நண்பர்கள் கூறியவை இன்றும் நினைவில் உள்ளன. ஒருவர், “பட்டினி கிடக்கும் சனம் ஒரு பந்துக்காக அழுகிறது, இதைவிட வேறு அபின் வேண்டுமா?” என்றார். மற்றவர், “செத்த வீட்டில் தர்க்கம் பேசாதே, அழுகிறவர்கள் அழட்டும்” என்று அவரை அடக்கினார். முதலாவது கூற்றுப் புரட்சிகரமானதாகவும் இரண்டாவது மனிதாபிமானம் மிக்கதாகவும் தோன்றக்கூடும். உண்மையில் இரண்டும் தவறானவை. இரண்டும் ஈற்றில் ஒரே தரப்பினருக்கே துணைபோகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். இதனை நிறுவுவதற்குப் பெலேயின் மரணத்திலும் பார்க்க, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் அதே நாட்டில் நிகழ்ந்த மற்றொரு மரணமே பொருத்தமான சான்றாகும்.

1983 ஜனவரி 20 ஆம் திகதி, மதுவினாற் சிதைந்த உடலுடன், தமது 49 ஆவது வயதில், றியோ டி ஜெனெய்ரோவில் இறந்தார் கரின்சா. மனுவேல் பிரான்சிஸ்கோ டோஸ் சான்ரோஸ் என்பது அவரது இயற்பெயர். கரின்சா என்பது ஒரு சின்னஞ்சிறு குருவியின் பெயர். 1958, 1962 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகக் கிண்ணத்தை வென்ற பிறேசில் அணியில் அவர் ஆடினார். பெலேயும் அவரும் ஒருங்கே களமிறங்கிய எந்த ஆட்டத்திலும் பிறேசில் தோற்றதில்லை. 1962 இற் பெலே காயமுற்று விலகிய பின்னர், இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு, சிலிக்கு எதிராக இரண்டு என இலக்குகளைப் பெற்று அணியைச் சுமந்து சென்றவர் அவரே. மக்கள் அவருக்கு இட்ட பட்டம் ‘மக்களின் மகிழ்ச்சி’ என்பதாகும். அவரது உடல் மரக்கானா மைதானத்திலே வைக்கப்பட்டது. பின்னர் அவர் பிறந்த பாவு கிராண்டி என்ற ஊரை நோக்கி எடுத்துச் செல்லப்பட்டபோது வழிநெடுகிலும் மக்கள் திரண்டு நின்றனர்.

முதலில் அபின் வாதத்தை நோக்குவோம். பாவு கிராண்டி ஒரு நெசவாலை ஊர். கரின்சா தமது 14 ஆவது வயதில் அவ்வாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பிறவியிலேயே வளைந்த கால்கள். ஒன்று மற்றதிலும் நீளம் குறைந்தது. ஆலை முதலாளியின் கணக்கிலோ, மருத்துவரின் கணக்கிலோ அவ்வுடல் ஊனமுற்றதோர் உடல். அந்த ஊனமே, எதிராளியை ஏமாற்றி வலப்புற எல்லைக்கோட்டோடு ஓடும் அற்புதமாக மாறியதைத் தொழிலாளர் கண்டனர். தம்மைப் போல உண்டு, தம்மைப் போலப் பேசிய ஒருவன், உலகின் பெரும் படிப்பாளிகள் வகுத்த தற்காப்பு வியூகங்களையெல்லாம் கேலிக்கூத்தாக்கியதை அவர்கள் தமது வெற்றியாகவே கொண்டனர். வார நாட்களில் எந்திரத்தின் உறுப்பாக மட்டுமே மதிக்கப்பட்டவர்கள், ஞாயிறு மாலையில் மனிதராக உணர்ந்தனர். அவன் இறந்தபோது அவர்கள் அழுதது பந்துக்காக அன்று. தமது வாழ்வில் எஞ்சியிருந்த ஒரே சுதந்திரமான மணித்தியாலத்துக்காக.

இதனை அபின் என்று கூறி ஒதுக்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அபின் என்ற சொல்லைக் கையாண்ட கார்ல் மார்க்ஸ், அதனை நாடுவோரின் வேதனையையும் உடன் நினைத்தே பேசினார். நம்மவரோ வேதனையை விட்டுவிட்டு அபினை மாத்திரம் பிடித்துக்கொண்டனர். மக்களின் துயரத்தைக் கண்டு நகைப்பவன் எவ்வாறு மக்களின் விடுதலையைப் பற்றிப் பேசமுடியும்? அத்தகைய நகைப்பு விமர்சனமன்று. கல்வி கற்றோரின் மேட்டிமைத்தனம்.

ஆயின், அழுகிறவர்கள் அழட்டும் என்று ஒதுங்கிக்கொள்வதும் சரியாகாது. ஏனெனில், அப்பெட்டியைச் சூழ்ந்து நின்று துக்கம் தெரிவித்தோர் அனைவரும் ஒரே தரத்தினரல்லர். அங்கே தொழிலாளியும் நின்றான். தொழிலாளியின் உழைப்பை உண்டவனும் நின்றான்.

கரின்சாவின் வாழ்நாட் கழகம் பொட்டாபோகோ. 1953 இல் அவர் அங்கு சேர்ந்தார். 1957, 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் அக்கழகம் றியோ மாநில வெற்றிக் கிண்ணத்தைப் பெற அவர் பெருங்காரணராயிருந்தார். அவர் பெயரைக் காட்டியே கழகம் வெளிநாட்டு ஆட்டங்களிற் பணம் ஈட்டியது. ஆனால், ஊதியத் தொகை எழுதப்படாத வெற்று ஒப்பந்தத் தாளில் அவர் கையொப்பமிடுவார். கழகத்தார் பின்னர் தாம் விரும்பிய தொகையை நிரப்பிக்கொள்வர். முழங்காலின் குருத்தெலும்பு தேய்ந்து வீங்கியபோது, ஓய்வுக்குப் பதிலாக ஊசி ஏற்றப்பட்டு அவர் மைதானத்துக்கு அனுப்பப்பட்டார். அம்முழங்கால் முற்றாகப் பழுதடைந்த பின்னர், 1966 இல் அவர் வேறொரு கழகத்துக்கு விற்கப்பட்டார். நெசவாலையில் தறி தேய்ந்தால் அதனைப் பழைய இரும்புக்கு விற்பது போன்றதே இச்செயல். 1983 இல் அவரது பிரேதப் பெட்டியை மூடியது அதே கழகத்தின் கொடி. உயிரோடிருந்தவனுக்குக் கொடுக்க மறுத்ததை, இறந்தவனுக்குத் துணியாகக் கொடுப்பது எளிது.

இங்கு இரசிகர்களையும் நாம் விசாரியாது விடமுடியாது. ஊசி ஏற்றப்பட்ட காலோடு அவர் ஓடியபோது கைதட்டியோர் யார்? 1973 டிசெம்பரில் மரக்கானாவிலே ‘நன்றியறிதல் ஆட்டம்’ என்ற பெயரில் அவருக்கொரு பிரியாவிடை ஆட்டம் நடத்தப்பட்டது. ஒரு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் சீட்டுப் பெற்று வந்தனர். அவர்களது அன்பை நாம் ஐயுறவில்லை. ஆனால், உழைத்த காலத்தில் ஊதியமாகக் கிடைத்திருக்க வேண்டியதை, உழைப்பு முடிந்தபின் தருமமாகப் பெறவேண்டிய நிலையை அந்த அன்பு கேள்விக்குட்படுத்தவில்லை. நன்றி என்ற சொல் உரிமை என்ற சொல்லின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பத்து ஆண்டுகள் செல்லுமுன் அவர் வறுமையில் இறந்தார்.

மற்றொன்றையும் மறைக்கக்கூடாது. கரின்சா தம் முதல் மனைவியையும் எட்டுப் பெண்பிள்ளைகளையும் விட்டுப் பிரிந்து, புகழ்பெற்ற சம்பா பாடகி எல்சா சோரஸுடன் வாழ்ந்தார். நாயகனைக் குறைகூற மனமற்ற இரசிகர்கள் பழியனைத்தையும் அப்பெண்மீது சுமத்தினர். அவர்களது வீட்டுக்குக் கல்லெறியப்பட்டது. அவரது குடிக்கும் அடிக்கும் ஆளாகி வாழ்ந்தவரும் அப்பெண்ணே. 1969 இற் கரின்சா செலுத்திச் சென்ற கார் விபத்துக்குள்ளாகி எல்சாவின் தாயார் உயிரிழந்தார். 2022 ஆம் ஆண்டு ஜனவரி 20 ஆம் திகதி, கரின்சா இறந்த அதே நாளில், 91 வயதில் எல்சா இறந்தபோது பிறேசில் அவருக்காகவும் அழுதது. கல்லெறிந்தோரிற் சிலர் அப்போதும் உயிரோடிருந்திருக்கக்கூடும். நேசிப்புக்குரியவரைப் புனிதராக்கும் துக்கம், அவரால் வதைபட்டோரை இரண்டாம் முறையும் வதைக்கிறது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனி, இறந்தபின் நிகழ்ந்ததைக் காண்போம். பிறேசிலின் தலைநகரிலுள்ள தேசிய மைதானம் கரின்சாவின் பெயரைத் தாங்குகிறது. 2014 உலகக் கிண்ணப் போட்டிக்காக அது புதிதாகக் கட்டப்பட்டது; அப்போட்டிக்கென எழுந்த மைதானங்களுள் மிகக் கூடிய செலவு பிடித்ததும் அதுவே. போட்டி முடிந்த மறுவருடம் அதன் வளாகம் பேரூந்துகள் நிறுத்தும் இடமாயிற்று. கட்டுமானத்தில் நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட ஊழல் தொடர்பாக 2017 மே மாதம் முன்னாள் ஆளுநர்கள் இருவர் கைதுசெய்யப்பட்டனர். அதே மே மாதத்தில் மற்றொரு செய்தியும் வெளியாயிற்று: கரின்சா அடக்கம்செய்யப்பட்ட மயானத்தில் அவரது எச்சங்கள் எங்குள்ளன என்பது எவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. அவர் பெயர் பொறித்த கல்லறைகள் இரண்டு உள்ளன. எலும்புகள் எதில் என்பதே தெரியாது. பெயருக்குக் கோடிகள், உடலுக்கு ஆறடி நிலமும் உறுதியில்லை. பெலேயின் பிரேதத்தருகே நின்று, உலகின் ஒவ்வொரு நாடும் ஒரு மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டவேண்டும் எனக் கேட்கப்போவதாகச் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத் தலைவர் கூறியபோது, இந்தக் கல்லறைகளை எவரேனும் நினைத்தனரா?

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். கரின்சாவை அழித்தது கழகமன்று, மதுவே. தன்னைத் தான் அழித்துக்கொண்டவனுக்கு யார் பொறுப்பு? இதனை முற்றாக மறுப்பதற்கில்லை. அவரது தந்தையும் குடியால் அழிந்தவர். கரின்சாவின் தெரிவுகளுக்குக் கரின்சாவே பொறுப்பு. எனினும், அவரது குடிப்பழக்கத்தைக் கழகத்தார் அறியாதிருக்கவில்லை. இலக்குகள் விழுந்த காலம்வரை அது வேடிக்கைக் கதையாகச் சொல்லப்பட்டது. கால் ஓய்ந்த பின்னரே ஒழுக்கக்கேடாயிற்று. தனிமனிதப் பலவீனம் உண்மை. அப்பலவீனத்தை இலாபத்தோடு சேர்த்துப் பயன்படுத்திய அமைப்பும் உண்மை. முதலாவதைக் கூறி இரண்டாவதை மறைப்பவர் ஒழுக்கம் பேசவில்லை, வக்காலத்துப் பேசுகின்றார்.

ஆகவே, இரசிகனின் கண்ணீரை நாம் துடைக்கவும் வேண்டாம், அதனைக் கண்டு நகைக்கவும் வேண்டாம். அக்கண்ணீரோடு ஒரு கேள்வியும் சேரவேண்டும் என்றே கேட்கிறோம். கழகத்துக்கு உழைத்தவனுக்குக் காயகாலத்தில் மருத்துவம் யார் கொடுத்தனர்? ஒப்பந்தத்தை அவனுக்கு வாசித்துக் காட்டியவர் யார்? ஓய்வுபெற்ற பின்னர் அவனது அடுப்பு எரிந்ததா? அவனது கையால் அடிபட்டவர்களின் பெயரை இரங்கலுரையில் எவரேனும் உச்சரித்தனரா? இக்கேள்விகள் இறந்தவருக்குச் செய்யும் அவமரியாதை அல்ல. மைதானத்திலே தம் உடலைக் கொடுத்து மகிழ்வித்த மனிதனுக்கு நாம் செலுத்தக்கூடிய நேர்மையான அஞ்சலி அவையே.

பாவு கிராண்டியின் மக்கள் தமது குருவிக்காக அன்று அழுதது சரியே. அழுத பின்னர் கழகத்தின் வாயிலிற் சென்று கணக்கேட்டைத் திறவுங்கள் என்று அவர்கள் கேட்டிருந்தால், அடுத்த தலைமுறையின் கரின்சாவேனும் வெற்றுத் தாளிற் கையொப்பமிடாதிருந்திருப்பான்.