போகி வந்தால் போகட்டும்

கோல்ஃப் ஆடிவிட்டு வருகிறவரிடம் "இன்னிக்கு எப்படி சார்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "நல்லாத்தான் போச்சு... அந்த ரெண்டு ஹோல் மட்டும் இல்லாம இருந்தா!"

கிண்டியில் ஆடினாலும் நந்தனத்தில் ஆடினாலும், கோவை செட்டிபாளையம், ஊட்டி, கொடைக்கானல் என்று எங்கே போய் ஆடினாலும் இந்தப் பல்லவி மாறுவதில்லை. அந்த இரண்டு ஹோல்களை எல்லோரும் துரதிர்ஷ்டக் கணக்கில் எழுதிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவை பெரும்பாலும் நாமே தேடிப் போய் வாங்கி வந்தவை.

கோல்ஃப் தெரியாத வாசகர்களுக்கு இரண்டு வரி. மொத்தம் 18 ஹோல். ஒவ்வொன்றையும் இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குப் பெயர் பார். ஒரு அடி கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி. ஒரு அடி குறைந்தால் பேர்டி. பெரும்பாலான முழு மைதானங்களில் மொத்த பார் 72 அல்லது அதை ஒட்டி இருக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஹேண்டிகேப் 18 உள்ள ஒரு சாதாரண ஆட்டக்காரர் எல்லா ஹோலிலும் போகி எடுத்தால் 90. அவருக்கு அது நல்ல நாள். அதே ஆட்டத்தில் இரண்டு பார்-4 ஹோல்களில் மட்டும் 5-க்குப் பதில் 8 எடுத்துவிட்டார் என்று வையுங்கள். மொத்தம் 96. அந்த ஆறு அடியைத் திரும்பப் பிடிக்க வேண்டுமானால் மீதி ஹோல்களில் ஆறு பார் எடுத்தாக வேண்டும். எங்கள் வயதில் ஒரு நாளைக்கு மூன்று பார் வந்தாலே வீட்டுக்குப் போகிற வழியில் அல்வா வாங்குவோம். ஆறு பாருக்கு ஆசைப்படுவதைவிட இரண்டு எட்டைத் தவிர்ப்பது எவ்வளவோ சுலபம். ஆனால் பயிற்சிக்குப் போகிறவர்களைப் பாருங்கள். எல்லோரும் ட்ரைவரை எடுத்து இன்னும் இருபது கஜம் தூரம் போகுமா என்றுதான் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

எட்டு எப்படி வருகிறது? முதல் அடி மரங்களுக்குள் போகிறது. இது எல்லோருக்கும் நடப்பது. ஆனைக்கும் அடி சறுக்கும். பந்து கிடக்கிற இடத்திலிருந்து பக்கவாட்டில் தட்டி ஃபேர்வேக்கு வந்துவிட்டால் அது இரண்டாவது அடி. மூன்றாவதில் கிரீன் பக்கம், நான்காவதில் கிரீன் மேல், இரண்டு பட். ஆறு. கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் ஐந்து.

ஆனால் நம் ஆள் நிமிர்ந்து பார்க்கிறார். இரண்டு மரங்களுக்கு நடுவில் ஒரு சந்து தெரிகிறது. சந்து வழியாகக் கொடியும் தெரிகிறது. இரண்டாவது அடி மரத்தில் பட்டு இன்னும் உள்ளே போகிறது. கோபத்தோடு மூன்றாவது; பந்து புல்லுக்குள் பத்தடி நகர்கிறது. நான்காவதில் ஒருவழியாக வெளியே வருகிறார். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று ஐந்தாவதை ஓங்கி அடிக்க, அது பங்கரில். ஆறாவதில் கிரீன். இரண்டு பட். எட்டு. இதில் முதல் அடி மட்டும்தான் தவறிப்போன அடி. மீதியெல்லாம் அந்த ஒரு அடியை ஒரே அடியில் சரிக்கட்டப் போனதால் வந்த செலவு.

இது நம்மைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களின் வியாதி மட்டும் இல்லை. 1999 பிரிட்டிஷ் ஓப்பன், ஸ்காட்லாந்தில் கார்னூஸ்டி மைதானம். பிரான்சைச் சேர்ந்த ஜான் வான் டெ வெல்ட் கடைசி ஹோலுக்கு வரும்போது மூன்று அடி முன்னிலை. 487 கஜம், பார் 4. அவர் 6 எடுத்தாலே கோப்பை அவருக்கு. முதல் அடி வலது பக்கம் ரொம்ப விலகிப் போனது. ஆனாலும் பந்து அடிக்கக்கூடிய இடத்தில்தான் கிடந்தது. அங்கிருந்து ஒரு சின்ன அடியில் ஃபேர்வே, அடுத்ததில் கிரீன் பக்கம் என்று நடந்து போயிருக்கலாம். அவர் 2 ஐயனை எடுத்தார். பந்து பார்வையாளர் மேடையின் கம்பியில் பட்டு, ஓடைக் கரைச் சுவரில் மோதி, பின்னோக்கி அடர்ந்த புல்லுக்குள் விழுந்தது. மூன்றாவது அடி ஓடைக்குள். காலணியைக் கழற்றிவிட்டு, காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி நின்ற அந்தப் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கடைசியில் அபராதத்தை ஏற்று வெளியே பந்தைப் போட்டு அடிக்க, அது பங்கரில். மொத்தம் 7. பிளே-ஆஃபில் பால் லாரி வென்றார். அதே வருடக் கடைசியில் வான் டெ வெல்ட் திரும்பி வந்து, ஒரு விளம்பரத்துக்காக, பட்டரை மட்டும் வைத்து அதே ஹோலை ஆடினார். மூன்றாவது முயற்சியில் 6 எடுத்துவிட்டார்!

ஜான் டேலி இன்னும் ஒரு படி மேல். 1998 பே ஹில் போட்டியில் பார்-5 ஆறாவது ஹோலில், ஏரியைத் தாண்டி அடித்தே தீருவேன் என்று 3 வுட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆறு பந்து தண்ணீருக்குள். அந்த ஒரு ஹோலில் அவர் எடுத்தது 18. உலகத்தரமான கை இருந்தும் என்ன, பிடிவாதம் பிடித்தால் அவ்வளவுதான்.

இதற்கான பாடத்தை நான் கற்றது கோல்ஃப் மைதானத்தில் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில்.

அந்தப் பக்கம் முறுக்குக் கம்பி தயாரிக்கும் ரோலிங் மில்கள் நிறைய. அப்படி ஒன்றில்தான் என் உத்தியோக வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்தது. பில்லட்டை ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கி, வரிசையாக நிற்கும் ஸ்டாண்டுகளுக்குள் விடுவோம். ஒவ்வொரு ஸ்டாண்டிலும் இன்னும் கொஞ்சம் மெலிந்து, நீண்டு, கடைசியில் கம்பியாக வெளியே வரும். எப்போதாவது கம்பியின் முனை அடுத்த ஸ்டாண்டின் வாய்க்குள் நுழையாமல் முட்டிக்கொள்ளும். பின்னால் வருவது நிற்காதே! செக்கச்செவேலென்று நெளிந்து வளைந்து மேலே எழும்பி, நொடியில் இடியாப்பம் போலக் குவிந்துவிடும். இதற்கு மில் பாஷையில் கோபிள் என்று பெயர்.

கோபிள் வராத மில் கிடையாது. வந்தால் செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரியும். பின்னால் வருவதை ஷியரில் வெட்டு. மில்லை நிறுத்து. சிக்கியதை அறுத்து எடு. ஏன் முட்டியது என்று பார். கைடு தேய்ந்திருக்கிறதா, ரோல் இடைவெளி மாறியிருக்கிறதா, பில்லட் முனை சூடு குறைந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்ததை விடு. அரை மணியோ ஒரு மணியோ உற்பத்தி போகும். போனது போனதுதான்.

ஆனால் மாதக் கடைசி, டன் கணக்கு இடிக்கிறது, லாரி கேட்டில் நிற்கிறது என்றால் மனசு வேறு மாதிரி வேலை செய்யும். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், அடுத்ததை விடுப்பா" என்று ஒரு குரல் வரும். அதே ஸ்டாண்டில் அடுத்த கோபிள். இம்முறை கைடு பெட்டியும் சேர்ந்து போகும்; அரை மணியில் முடிய வேண்டியது ஒரு ஷிஃப்டைத் தின்னும். ஆள் பக்கத்தில் நின்றால் அதைவிடப் பெரிய விலை. எங்கள் ஃபோர்மேன் ஒருவர் சொல்வார்: "சார், முதல் கோபிள் மில்லோடது. ரெண்டாவது கோபிள் நம்மளோடது."

கோல்ஃபுக்கு இதைவிட நல்ல புத்திமதியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. முதல் தவறான அடி ஆட்டத்தோடது. இரண்டாவது நம்மோடது.

மில்லில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. அவசர நிறுத்த பட்டனை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். நேற்று சேர்ந்த ஹெல்ப்பர் அழுத்தினாலும் மில் நிற்கும். ஏன் அழுத்தினாய் என்று அவனைத் திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த முறை அழுத்த மாட்டான்.

கோல்ஃப் மைதானத்தில் அந்த பட்டன் யாரிடம் இருக்கிறது? கேடியிடம். அந்தத் தம்பி வாரம் முழுக்க அதே மைதானத்தில் நடக்கிறவர். அந்த மரத்துச் சந்தில் எத்தனை பேர் மாட்டினார்கள் என்று அவருக்குத் தெரியும். பட் அடிக்கும்போது "வலது பக்கம் ஒரு கப் விடுங்க சார்" என்றால் மறுபேச்சுப் பேசாமல் கேட்கிறோம். அவரே "சைடுல எடுத்துடுங்க சார்" என்றால் மட்டும் நமக்குச் சுருக்கென்று தைக்கிறது. என்னால் முடியாது என்று இந்தப் பையன் நினைக்கிறானா? அடுத்த முறை அவர் வாயைத் திறப்பதில்லை. கடைசியில் கையில் கிடைக்கும் டிப்ஸ் நம் முகம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்ததாயிற்றே!

என் யோசனை இதுதான். ஆட்டம் தொடங்கும் முன்பே கேடியிடம் சொல்லிவிடுங்கள்: "நான் பைத்தியக்கார அடி அடிக்கப் போனா நிறுத்துப்பா. கேக்கலைன்னா ரெண்டாவது தடவையும் சொல்லு." எங்கள் குழுவில் ஒரு நண்பர் இதைச் செய்து பார்த்தார். மரத்துக்குள் போய் நிற்கும்போதெல்லாம் கேடி பேசாமல் 9 ஐயனை எடுத்து நீட்டுவார். இவரும் முனகிக்கொண்டே வாங்கிப் பக்கவாட்டில் தட்டுவார். அடியில் ஒரு முன்னேற்றமும் இல்லை. ஆனால் அவருடைய அட்டையில் எட்டைப் பார்ப்பது அரிதாகிவிட்டது.

விதிகளும் நமக்கு உதவியாகத்தான் இருக்கின்றன, நாம்தான் பயன்படுத்துவதில்லை. பந்து புதரில் மாட்டிக்கொண்டால் "அன்பிளேயபிள்" என்று அறிவித்து, ஒரு அடி அபராதத்தோடு, கொடிக்கு அருகில் போகாமல் இரண்டு கிளப் நீளத்துக்குள் எடுத்து வைக்கலாம். ஒரு அடிதான் செலவு. புதருக்குள் மூன்று முறை வீசினால் மூன்று அடி. எது லாபம்? பந்து தொலைந்திருக்கலாம் என்று தோன்றினால் கிளம்பும் முன்பே புரோவிஷனல் பந்து அடித்துவிட வேண்டும். 2019 முதல் தேடுவதற்கு மூன்று நிமிடம்தான். தண்ணீரைத் தாண்ட வேண்டும் என்றால், வாழ்நாளில் ஒருமுறை பிரமாதமாகப் பட்ட அடியை நினைத்து கிளப்பை எடுக்காமல், பத்தில் எட்டு முறை வருகிற அடியை நினைத்து எடுக்க வேண்டும். பங்கரில் முதல் வேலை வெளியே வருவது. கொடிக்குப் பக்கத்தில் வைப்பது அப்புறம்.

"இப்படி ஆடினால் என்ன சுவாரஸ்யம்? கோழைத்தனம் இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. 2007 மாஸ்டர்ஸ் போட்டியைச் சொல்வேன். ஸாக் ஜான்சன் அதிக தூரம் அடிக்கிறவர் இல்லை. நான்கு நாளில் பதினாறு முறை பார்-5 ஹோல்கள் வந்தன. ஒருமுறை கூட இரண்டே அடியில் கிரீனுக்குப் போக முயலவில்லை. எல்லாவற்றிலும் முன்னாலேயே நிறுத்தி, மூன்றாவது அடியில் கிரீனுக்குப் போனார். அந்தப் பதினாறு ஹோல்களில் மட்டும் பாருக்கு 11 குறைவு. டைகர் உட்ஸை இரண்டு அடியில் பின்னால் தள்ளிக் கோப்பையை வென்றார். இதற்குக் கோழைத்தனம் என்று பெயர் வைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நம் அதிதி அசோக்கும் தூரத்தை நம்பி ஆடுகிறவர் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் 67, 66, 68, 68 என்று நான்கு நாளும் நூல் பிடித்தாற்போல ஆடி, ஒரே ஒரு அடியில் பதக்க வரிசைக்கு வெளியே நான்காவதாக வந்தார். அவருக்கும் ஒரு கெட்ட நாள் வந்தது. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் மூன்றாம் நாள் 61 அடித்து ஏழு அடி முன்னிலையில் இருந்தவர், கடைசி நாளில் 77. நான்கு போகி, ஒரு டபுள் போகி, ஒரே ஒரு பேர்டி. தங்கம் இரண்டு அடியில் தாய்லாந்துக்குப் போனது. இவ்வளவு நிதானமானவருக்கே இப்படி நடக்கும் என்றால், எந்த உபாயமும் முழுக் கவசம் இல்லை என்றுதான் அர்த்தம். அத்தனை நெருக்கடியிலும் ஒரு ஹோலில் 8, 9 என்று சிதறிப்போகாததால்தான் வெள்ளி கையில் நின்றது என்று நான் நினைக்கிறேன். ஆசிய விளையாட்டு கோல்ஃபில் இந்தியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் பதக்கம் அது.

கடைசியாக ஒரு விவாதம். எங்களைப் போன்ற குழுக்கள் இப்போது பெரும்பாலும் ஸ்டேபிள்ஃபோர்ட் முறையில்தான் ஆடுகின்றன. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற டாக்டர் கொண்டுவந்தது. 1932-ல் இங்கிலாந்தின் வாலஸி கிளப்பில் அறிமுகமானது. ஹேண்டிகேப் கழித்து பாருக்கு 2 புள்ளி, போகிக்கு 1, அதற்கு மேல் எத்தனை எடுத்தாலும் பூஜ்யம். பந்தைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த ஹோலுக்குப் போகலாம். நேரம் மிச்சம், மனசுக்கும் நல்லது. எனக்குப் பிடித்த முறைதான். ஆனால் அதில் ஒரு குறை. எட்டுக்கும் பூஜ்யம், பன்னிரண்டுக்கும் பூஜ்யம் என்பதால் அந்தச் சந்து வழியாக அடிக்கும் ஆசை அடங்குவதே இல்லை. அதனால் மாதத்தில் ஒரு ஆட்டமாவது ஒவ்வொரு அடியையும் எண்ணி, ஒளிக்காமல் அட்டையில் எழுத வேண்டும் என்பது என் கட்சி. எழுதும்போதுதான் எட்டின் விலை தெரியும்.

நம்மூர்ப் போகிக்கும் கோல்ஃப் போகிக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் மரத்தடியில் நிற்கும்போது நம் போகியை நினைத்துக்கொள்வது நல்லது. அன்று பழையதைக் கொளுத்திவிட்டு மறுநாள் பொங்கலுக்குத் தயாராகிறோம். எரிந்துபோன பாயைத் தேடிக்கொண்டு யாரும் சாம்பலைக் கிளறுவதில்லை.