ஆய்வுக்கூடச் சரக்கும் நம் கடையும்

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் வாசுதேவன், நாம் கொடுத்த பிளாஸ்டிக் பைகளையே சூடான ஜல்லிமேல் உருக்கிப் பூசி, தாருடன் கலந்து சாலை போட வழி கண்டார். 2006-இல் காப்புரிமை, 2018-இல் பத்மஸ்ரீ. சாலைக்கு அரசே வாடிக்கையாளர். ஆகவே முறை பரவியது. மாவும் மசாலாவும் செய்யும் இளம் ஆராய்ச்சியாளருக்கு யார் வாடிக்கையாளர்?

மதுரை வேளாண் கல்லூரி வளாகத்தில், நபார்டு உதவியுடன் அமைந்த தொழில் காப்பகம் பயிற்சியும் ஆலோசனையும் தரும். முதல் ஆர்டரைக் கீழமாசி வீதிதான் தரவேண்டும். நாமோ பெரிய கம்பெனிக்கு முன்பணம் கட்டிவிட்டு, இந்தப் பிள்ளைகளிடம் அறுபது நாள் கடன் கேட்கிறோம். என்ன நியாயமோ!

பத்துப் பெட்டியே எடுத்தாலும் ரொக்கத்துக்கு எடுப்போம். விற்காததைத் திருப்பும்போது, வாடிக்கையாளர் சொன்ன குறையையும் ஒரு தாளில் எழுதி அனுப்பினால், அடுத்த சரக்கைத் திருத்தி அனுப்புவார்கள்.