ஸ்பேனர் பக்கம்: செல்ஃப் மோட்டாரைக் கழட்டாதீங்க பாஸ்!

போன வாரம் பைக் செயின். இந்த வாரம், நம்ம யாருமே ஓட்டாத, ஆனா எல்லாரும் தினமும் தாண்டிப் போற ஒரு வண்டி. காலேஜ் புல்வெளியில உட்கார்ந்து ஓட்டுவாங்களே, அந்தப் புல்வெட்டி. ‘இதை வெச்சு எனக்கு என்ன?’ன்னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க. உள்ளே இருக்கிறது ஒரே ஒரு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. உங்க பைக்கோட பெரியப்பா பையன்னு வெச்சுக்கங்க.

எங்க காலேஜ் வண்டி ரெண்டு மாசமா மக்கர். சாவியைத் திருப்பினா ‘ர்ர்...’னு அரை சுத்து, அப்புறம் ஒரு முக்கல், மறுபடி அரை சுத்து. பார்க்க வந்த மெக்கானிக், ‘செல்ஃப் மோட்டார் காலி, புதுசு போடணும்’னு ஒரே வரியில தீர்ப்பு சொல்லிட்டுப் போயிட்டார். மோட்டார் விலையில பாதியைத் தோட்டக்கார அண்ணன் சம்பளத்துல பிடிக்கப் போறதா கான்ட்ராக்டர் சொல்லிட்டாராம். ‘நீ விடாம அமுக்கி எரிச்சிட்ட’ என்பது குற்றச்சாட்டு. அண்ணனுக்கு வீட்டுல ரெண்டு பிள்ளைங்க படிக்குது. ‘தம்பி, நீங்க இன்ஜினீயரிங்தானே, ஒரு வார்த்தை பாத்துச் சொல்லுங்களேன்’னு கேட்டார்.

இந்த இடத்துலதான் நம்ம படிப்பு உதவணும். எதையும் கழட்டறதுக்கு முன்னாடி அளந்து பார்க்கணும். பிளேடு கிளட்ச்சை ஆஃப் பண்ணுங்க, பிரேக்கை மிதிச்சு லாக் பண்ணுங்க. பிளக் கேப்பைக் கழட்டி, அதை இன்ஜின் உடம்போட எர்த் பண்ணி வையுங்க. இன்ஜின் திடீர்னு ஸ்டார்ட் ஆகிடக் கூடாது. ஒரு தடவைக்கு ஐந்து செகண்டுக்கு மேல செல்ஃப் அடிக்காதீங்க. அடுத்த தடவைக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இடைவெளி கொடுங்க, மோட்டார் ஆறட்டும்.

முதல்ல பேட்டரி. ஓய்வா இருக்கும்போது மல்டிமீட்டர்ல 12.6 வோல்ட் பக்கம் காட்டினா முழு சார்ஜ். 12.2 காட்டினா கிட்டத்தட்ட பாதிதான் இருக்கு. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தா, சார்ஜ் ஏத்திட்டு மறுபடி பாருங்க. அப்பவும் விழுந்தா பேட்டரி மேல பலமான சந்தேகம்.

அடுத்தது ஒயர். பெரும்பாலான பேர் இதைத் தாண்டிப் போயிடுறாங்க. பேட்டரி டெர்மினல்ல வெள்ளையா, பச்சையா உப்பு பூத்திருக்கும். ஓம் மீட்டர் வெச்சா ‘ஜீரோ’ன்னு காட்டும், நல்லாத்தான் இருக்குன்னு நினைப்போம். இங்கே ஓம்ஸ் விதியை ஞாபகப்படுத்திக்கங்க. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. நூறுல ஒரு ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தாலே ஒரு வோல்ட் அங்கேயே காலி. அந்த நூறுல ஒரு ஓமைச் சாதாரண மல்டிமீட்டரால நம்பி அளக்க முடியாது. அதனால ஓம்ல அளக்காம வோல்ட்டுல அளங்க. ஒரு முனை பேட்டரி பாசிட்டிவ்ல, இன்னொண்ணு செல்ஃப் மோட்டாரோட போல்ட்டுல. யாராவது சாவியைத் திருப்பட்டும். அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா, நடுவுல ஒயரோ சோலினாய்டோ சாப்பிடுது. அதே மாதிரி பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவுல வைங்க. கால் வோல்ட்டைத் தாண்டினா எர்த் சரியில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு முறுக்கினா, பல வண்டிங்க அங்கேயே சரியாகிடும்.

அண்ணன் வண்டியில பேட்டரியும் பாஸ், ஒயரும் பாஸ். அப்போ ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு செல்ஃப் அடிச்சோம். ‘விர்ர்ர்’னு மின்விசிறி மாதிரி சுத்துச்சு! காத்தை அமுக்குற வேலை இல்லாதப்போ மோட்டார் ஜம்முனு ஓடுது. பிளக் இல்லாமலும் மெதுவா சுத்தியிருந்தாத்தான் கார்பன் பிரஷ், புஷ்னு மோட்டாரைச் சந்தேகப்படணும்.

அப்போ யார் வில்லன்? பழைய புல்லட் வெச்சிருக்கிற மாமாக்களைக் கேளுங்க. ஹேண்டில்ல ஒரு குட்டி லிவர் இருக்கும். அதை அமுக்கி, சிலிண்டர் காத்தைக் கொஞ்சம் வெளியே விட்டு, பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துட்டுத்தான் உதைப்பாங்க. இல்லாட்டி கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். புல்வெட்டி இன்ஜின்ல அந்த லிவர் வேலையை கேம்ஷாஃப்ட்டே செய்யுது. அதுல ஒரு சின்ன மேடு இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது அது வால்வை மயிரிழை அளவு தூக்கிப் பிடிச்சு, அழுத்தத்தைக் கசியவிடும். டாப்பெட் இடைவெளி அதிகமாயிட்டா அந்த மேடு வால்வைத் தூக்கவே தூக்காது. மோட்டார் முழு அழுத்தத்தோட மல்லுக்கட்டி, ஒவ்வொரு கம்ப்ரஷன்லயும் முக்கும். அந்த ‘ர்ர்... முக்கல்... ர்ர்...’ தாளம் இதுதான்.

வால்வ் கவரைத் திறந்து ஃபீலர் கேஜ் விட்டோம். இந்த மாதிரி பல ஒற்றை சிலிண்டர் இன்ஜின்கள்ல இன்டேக் 0.08 முதல் 0.13 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.13 முதல் 0.18 மி.மீ. இருக்கணும். (உங்க வண்டி மேனுவல் சொல்றதுதான் இறுதி.) எங்களுக்கு இன்டேக்ல 0.30 கேஜ் அலட்டிக்காம உள்ளே போச்சு!

செட் பண்றதுல ஒரு சூட்சுமம் இருக்கு. இன்ஜின் ஆறியிருக்கணும். பிளக் ஓட்டையில விரலை வெச்சு, கையால சுத்துங்க. காத்து தள்ளுதுன்னா அது கம்ப்ரஷன். பிஸ்டன் உச்சிக்கு வந்த அப்புறம் இன்னும் ஆறு மி.மீ. கீழே இறக்கணும். ஒரு ஸ்ட்ராவை உள்ளே விட்டா அளவு தெரிஞ்சிடும். உச்சியிலேயே நிறுத்தி செட் பண்ணினா, அந்த மேடு வால்வைத் தொட்டுக்கிட்டு இருந்து கணக்கைக் கெடுத்துடும். இறக்கி வெச்சு, ஸ்க்ரூவைத் திருப்பி, லாக் நட்டை முறுக்கி, மறுபடி ஒரு தடவை கேஜ் விட்டுப் பார்த்தோம். பிளக்கை மாட்டினோம். சாவியைத் திருப்பினதும் இன்ஜின் எடுத்துக்கிச்சு. செலவு, கவருக்கு ஒரு கேஸ்கெட் மட்டும்.

டாப்பெட் இடைவெளி ஓடி ஓடி மாறுற விஷயம். யாரும் அமுக்கிக் கெடுக்கிறது இல்லை. கேஜ் அளவையும் வோல்ட் அளவையும் ஒரு தாள்ல எழுதி, எங்க லேப் சார்கிட்ட கையெழுத்து வாங்கி அண்ணன்கிட்ட கொடுத்தோம். கான்ட்ராக்டர் படிச்சார், சம்பளத்துல கை வைக்கலை. ரெண்டு மாசமா அண்ணனைத் திட்டினதுக்கு மட்டும் இன்னும் ஒரு வார்த்தை சொல்லலை.

ஒரே ஒரு எச்சரிக்கை. செல்ஃப் அடிச்சா ‘டக்’னு ஒரேயடியா நின்னு, டிப்ஸ்டிக்ல பெட்ரோல் வாடை அடிக்குதா? கார்புரேட்டர் ஊசி கசிஞ்சு சிலிண்டருக்குள்ள பெட்ரோல் நிறைஞ்சிருக்கலாம். அப்போ பலவந்தமா சாவியைத் திருப்பாதீங்க, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். பெட்ரோல் காக்கை மூடிட்டு, வெட்டவெளியில, பிளக்கைக் கழட்டி, கேப்பை எர்த் பண்ணி, கையால சுத்தி வெளியேத்துங்க. பீடி, சிகரெட் ஆசாமிகளைப் பத்தடி தள்ளி நிறுத்துங்க. ஊசியைச் சரி பண்ணின கையோட ஆயிலையும் மாத்திடணும்.

அந்த ஊசியைப் பத்தித்தான் அடுத்த வாரம்.