பங்கா, முற்பணமா?

கற்பிட்டிப் பக்கத்து இளைஞர் ஒருவர் சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். கடலும் மீனும் சமையலுமாக அவர் எடுக்கும் வீடியோக்களை யூரியூப்பில் பல்லாயிரம் பேர் பார்க்கின்றனர். கையில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. "சேர், இதில கையெழுத்து வைக்கலாமா?" என்று கேட்டார்.

ஆங்கிலத்தில் எட்டுப் பக்கங்கள். கொழும்பிலுள்ள முதலீட்டாளர் கமெராவும் படகுச் செலவும் தருவார். ஈடாக, அலைவரிசையின் பெயரும் கடவுச்சொல்லும் அவரது நிறுவனத்தின் வசமாகும். போட்ட பணம் முழுவதும் திரும்பிய பிறகே இளைஞருக்கு வருமானத்தில் பங்கு. ஐந்து ஆண்டுகளுக்கு வேறெங்கும் அவர் முகம் காட்டக்கூடாது. பணம் திரும்பாவிட்டால் மீதியை அவரே கட்டவேண்டும். இதற்கு அவர்கள் இட்டிருந்த பெயர் 'பங்காளித்துவம்'!

பங்கு என்றால் என்னவென்று புத்தளக் கரையோரத்துக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. உடப்பில் கரைவலை இழுப்பதைக் கண்டவர்கள் அறிவார்கள். தோணியும் வலையும் சம்மாட்டியுடையவை. அம்பாப் பாடலின் தாளத்துக்குக் கயிறு இழுக்கும் உழைப்பு தொழிலாளருடையது. மீன் விற்ற காசில் செலவு கழித்து இரு தரப்பும் பங்கு பிரித்துக்கொள்ளும். வலை வெறுமையாக வந்தால் சம்மாட்டிக்குச் செலவு நட்டம். தொழிலாளிக்கு அன்றைய உழைப்பு நட்டம். அந்தப் பங்கீட்டில் நியாயம் போதாது என்ற முறைப்பாடு உண்டுதான். ஆயினும் நட்டம் ஒருவர் தலையில் மட்டும் விழுவதில்லை.

இதே கரையில் இன்னொரு வழக்கமும் உண்டு. மீன் முதலாளி படகுக்கும் இயந்திரத்துக்கும் முற்பணம் கொடுப்பார். வாங்கியவர் தன் மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்கவேண்டும். கடல் பொய்த்தாலும் கடன் பொய்ப்பதில்லை. அந்த இளைஞரின் கையிலிருந்தது இந்த இரண்டாவது வகைதான். ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது என்பது மட்டுமே வேறுபாடு.

"நாங்கள் ஆபத்தை ஏற்கிறோமே" என்பார்கள் முதலீட்டாளர்கள். ஏற்றால் இலாபத்தில் பெரும்பங்கு கேளுங்கள், நான் மறுக்கமாட்டேன். ஆபத்தை மற்றவர் தலையில் கட்டிவிட்டு உரிமையையும் கேட்பதற்கு முதலீடு என்றா பெயர்? அது வட்டித்தொழில்.

பங்கு என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவின் 'ஸ்மோஷ்' சாட்சி. 2005இல் யூரியூப்புக்கு வந்த இரு நண்பர்களின் நகைச்சுவை அலைவரிசை அது. 2011இல் அதை ஒரு நிறுவனத்துக்கு விற்றபோது, ரொக்கமாக அன்றிப் பங்குகளாகவே விலையைப் பெற்றனர். அந்நிறுவனம் பின்னர் 'டிஃபை மீடியா' ஆயிற்று. 2018 நவம்பரில் மூடப்பட்டது. பங்குகள் வெறுங்காகிதமாயின. தாங்கள் பெற்ற பிள்ளையின் பெரும்பான்மை உரிமையை அவ்விருவரும் மீண்டும் வாங்கியது 2023இல்தான். மறுபுறம், புதுக்கோட்டையின் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2018இல் ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் தொடங்கியது. 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரரை எட்டியபோதும் அது அந்தக் குடும்பத்தின் கையிலேயே இருந்தது.

அப்படியானால் முதலீடே வேண்டாமா? வேண்டும். நீள வீடியோக்களின் விளம்பர வருமானத்தில் 45 வீதத்தை யூரியூப் எடுத்துக்கொண்டு 55 வீதத்தையே படைப்பவருக்குத் தருகிறது. அந்த 55ஐ மீண்டும் கூறுபோடுவதில் யாருக்கும் வாழ்வில்லை. பார்ப்பவர்களின் நம்பிக்கையைக் கொண்டு இன்னொரு தொழிலை எழுப்புவதே முதலீட்டின் வேலை. கற்பிட்டிக் கருவாட்டைச் சுத்தமாகப் பொதிசெய்து ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் அனுப்பலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை டொல்பின் பார்க்க வருவோரை ஊர்ப் படகுகளிலேயே அழைத்துச் செல்லலாம். அதற்கென ஒரு புதிய கம்பனியைப் பதிவுசெய்து, முதலீட்டாளர் அதில் பங்கு வாங்கட்டும். அலைவரிசை இளைஞரிடமே இருக்கட்டும். கம்பனி மூழ்கினால் பணம் போட்டவருக்குப் பணம் போகும். உழைத்தவருக்கு உழைப்புப் போகும். கரைவலைச் சட்டம் இதுதான்.

கமெரா பிடிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உடப்புத் திரௌபதை அம்மன் தீமிதிப்பையும் அம்பாப் பாடலையும் படமெடுத்து வருமானம் காண்கிறீர்கள். கயிறு இழுத்தவருக்கும் பாடியவருக்கும் என்ன கொடுத்தீர்கள்? முதலீட்டாளரிடம் நியாயம் கேட்பவர் தன் ஊருக்கு முதலாளியாகிவிடக்கூடாது.

வந்த இளைஞரிடம், வீட்டுக்குப் போய் ஒப்பந்தத்தைத் தமிழில் வாப்பாவுக்குச் சொல்லிக் காட்டும்படி கூறினேன். வாப்பா முப்பது வருடம் முற்பணத்தில் கடலுக்குப் போனவர். மறுநாள் தொலைபேசியில் இளைஞர் சொன்னார்: "பாதி சொல்லும்போதே வாப்பா எழும்பிட்டார் சேர். 'இது எங்கட முதலாளிட கொப்பிதானே' எண்டார்."

கடவுச்சொல், ஐந்தாண்டுத் தடை, மீதிக் கடன் ஆகிய மூன்று பிரிவுகளையும் நீக்கித் தரும்படி எழுதி அனுப்பியிருக்கிறார். கொழும்பிலிருந்து இதுவரை பதில் இல்லை.