சொந்தப் படத்துக்கே அபராதமா?

அமெரிக்காவில் கரோல் ஹைஸ்மித் என்ற பெண் புகைப்படக்காரர், நாடெங்கும் சுற்றி எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை, எவரும் காசின்றி உபயோகிக்கலாம் என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்துக்கு வழங்கினார். 2015 டிசம்பரில் அவருடைய ஸ்தாபனத்துக்கே ஒரு நோட்டீஸ் வந்தது. அவர் எடுத்த படத்தையே தன் இணையப் பக்கத்தில் போட்டதற்கு 120 டாலர் கட்டு என்று! அனுப்பியது, அலாமி என்ற படக் கம்பெனியின் பேரால். கெட்டி என்ற பெரிய கம்பெனியோ 18,755 படங்களை விலைக்கு விட்டிருந்ததாக அவரது மனு சொல்லிற்று. ஊர்ப் புறம்போக்கை வளைத்து வேலி போட்டு, புல்லறுக்க வந்தவளிடம் பணம் கேட்கும் மிராசுதார் வேலை அல்லவா இது?

2016 ஜூலையில் 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். "உரிமையைத் துறந்துவிட்டார், பொதுப்படத்தை யாரும் விற்கலாம்" என்றது கெட்டி. பதிப்புரிமைச் சட்டப்படி அவர் கேட்டதைக் கோர்ட் அக்டோபரில் தள்ளிற்று; மீதி, நவம்பரில் சமரசமாயிற்று.

படம் வாங்குகிறவனுக்கு, வழக்கு வந்தால் நஷ்டத்தை ஏற்போம் என்று லைசென்சில் உத்தரவாதம் எழுதித் தருகிறார்கள். உழைத்து எடுத்து ஊருக்குக் கொடுத்தவளுக்கு என்ன உத்தரவாதம்? பொதுச் சொத்துக்குப் பணம் கேட்டு மிரட்டுகிறவனைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். "இந்தப் படம் நூலகத்தில் இலவசம்" என்று விற்கிறவனே அச்சிட்டுச் சொல்ல வேண்டும் என்கிறோம் நாம்.