வித்காவுஸ்காஸ்: கட்டளையா, தேர்வா?

லித்துவேனியப் படைத்தளபதி வின்ட்சஸ் வித்காவுஸ்காஸ் (1890–1965) மேலிடக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர் மட்டுமே என்ற வாதம் பாதி உண்மை. 1940 ஜூன் 15 அன்று சோவியத்தின் இறுதி எச்சரிக்கைக்குப் பணிந்தது அரசுதான். ஆனால் எதிர்த்து நிற்க விரும்பிய ஜனாதிபதி ஸ்மெட்டோனாவுக்கு மாறாக, பணிந்துபோகும்படி ஆலோசனை சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

அடுத்து வந்தவை அவரே ஏற்றவை: மாஸ்கோவின் ஆதரவில் அமைந்த ‘மக்கள் அரசில்’ பாதுகாப்பு அமைச்சர் பதவி, தேசியப் படையைக் கரைத்து உருவாக்கிய செம்படையின் 29ஆம் துப்பாக்கிப் படையணியின் தலைமை, லெப்டினன்ட் ஜெனரல் பதவி. 1941 ஜூனில் அப்படையணியின் லித்துவேனிய அதிகாரிகள் பலர் கைதாகி நோரில்ஸ்க் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவரோ போருக்குப் பின் கௌனாஸில் ராணுவப் பாடம் கற்பித்தார்.

பணிந்துபோகவே சொன்ன ஜெனரல் ராஷ்டிகிஸ், செம்படைக்குப் போகாமல் 1941இல் ஜெர்மனிக்குத் தப்பினார். வேறு வழியே இருக்கவில்லை என்ற வாதம் அங்கேயே உடைகிறது.